குழி நிறைந்த பிறகு



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது பலரும் கதைக்கக் கூச்சப்படும் ஒரு விடயம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அயலவர்களுடன் தாராளமாகக் கதைக்கிறோம். நோய் நொடி பற்றியும் கதைக்கிறோம். ஆனால் மலசலகூடக் குழி நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டி வந்தால் மட்டும் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இந்தக் கூச்சத்தால் அதிகம் துன்பப்படுபவர்கள் பெண்கள். ஆகவேதான் இதனை இப்பக்கத்தில் ஒளிவுமறைவின்றி எழுத வேண்டியிருக்கிறது.

முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழ்ந்த சகோதரிகள் பலரிடம் ஒரு பொதுவான அனுபவத்தைக் கேட்டிருக்கிறேன். மாலையானதும் அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிலர் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்வார்கள். மலசலகூடம் நிறைந்து வழிகிறது, கதவுக்குக் கொழுக்கி இல்லை, வழியில் வெளிச்சம் இல்லை. பிறகு எப்படி இருட்டில் போவது? இப்படி மாதக்கணக்கில் அடக்கி வாழ்ந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று, மலச்சிக்கல், மூலம் என்று ஒவ்வொன்றாக வரும். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டால் அது தாயோடு நிற்காமல் சேயையும் பாதிக்கும். வைத்தியரிடம் போனால் மருந்து கிடைக்கும். ஆனால் நோயின் ஆரம்பம் அந்த நிறைந்த குழியில் இருக்கிறது.

குழி ஏன் அவ்வளவு விரைவில் நிறைகிறது?

இதற்கு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண குழி மலசலகூடமொன்றில் நீர் மண்ணில் ஊறிச் சென்ற பின்னர், ஓர் ஆளின் கழிவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 லீட்டர் வரை அடியில் தேங்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் இது ஆண்டுக்கு 300 லீட்டரைத் தாண்டாது. அதனால்தான் ஊரில் ஒழுங்காகக் கட்டிய குழி பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆனால் முகாமில் ஒரு குழியை 20 பேர் பாவித்தால் ஓர் ஆண்டில் 1,000 லீட்டர், 50 பேர் பாவித்தால் 2,500 லீட்டர். உண்மையில் இதைவிடவும் விரைவாக நிறையும். கழிவு உக்குவதற்குக் காலம் வேண்டும். மேலே மேலே சேர்ந்துகொண்டிருந்தால் உக்குவதற்கு அவகாசம் ஏது?

அவசரகால உதவிகளுக்கான சர்வதேச அளவுகோலான ‘ஸ்பியர்’, ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு மலசலகூடமும், பின்னர் 20 பேருக்கு ஒன்றும் வேண்டும் என்கிறது. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைக்கும்படியும் அது கூறுகிறது. பெண்களுக்கு அதிக நேரம் தேவைப்படுகிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதும் அவர்களே என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலசலகூடக் குழிகளும் நிரம்பி வழிந்து அந்தக் கழிவு வெள்ளத்தோடு கலந்தது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கிருந்து திரும்பிய சகோதரிகள் அந்த நாட்களை மறக்கவில்லை. குழி அமைப்பது பற்றி மட்டும் திட்டமிட்டு, அதை வெறுமையாக்குவது பற்றித் திட்டமிடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது நம் கண்முன்னே நடந்த சாட்சி.

கொழும்பில் எங்கே போகிறது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளிலோ வாடகை அறைகளிலோ வாழும் சகோதரிகளுக்கு இது தங்களோடு தொடர்பில்லாத விடயமாகத் தோன்றலாம். தண்ணீரை ஊற்றினால் எல்லாம் மறைந்துவிடுகிறதே! மறைவது நம் கண்ணுக்கு மட்டும்தான். கொழும்பு மாநகரத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலத்தடிக் கழிவுக் குழாய்கள் பதிக்கப்பட்டன. அந்தக் குழாய்கள் சேரும் இடங்கள் இரண்டு. வடக்கே, கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள முகத்துவாரம். தெற்கே வெள்ளவத்தை. இவ்விரு இடங்களிலிருந்தும் நீண்ட குழாய்கள் கடலுக்குள் செல்கின்றன. நகரத்தின் கழிவு பல பத்தாண்டுகளாகச் சுத்திகரிக்கப்படாமலே கடலில் விடப்பட்டு வந்தது.

இந்த வசதியும் எல்லோருக்கும் இல்லை. இலங்கையில் குழாய்வழிக் கழிவகற்றல் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்டு. தெகிவளைப் பக்கம் சற்று நகர்ந்தாலே குழியை நம்பியிருக்கும் வீடுகள் பலவற்றைக் காணலாம். வடக்கு கிழக்கில் ஏறத்தாழ எல்லோருக்கும் குழிதான். ஆகவே கொழும்பில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் சகோதரிகளும், புதிய வீட்டுத்திட்டங்களில் குடியேறும் சகோதரிகளும் குழியைப் பராமரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம் உறவினர் சிலர் விடுமுறையில் வீடு போன்ற வண்டியில் பயணம் போய்ப் படம் அனுப்புகிறார்கள். அதற்குள்ளே படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் இருக்கும். அந்த வண்டியின் அடியில் இரண்டு தாங்கிகள் உண்டு. மலக்கழிவுக்கு ஒன்று, குளிக்கும் நீருக்கும் கழுவும் நீருக்கும் மற்றொன்று. தாங்கி நிறைந்தால் அதற்கென்று அமைந்த நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அந்த நிலையம் தூரத்தில் இருந்தால் சிறிய தள்ளுதாங்கியில் மாற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ட இடத்தில் திறந்துவிட்டால் தண்டப்பணம். உல்லாசப் பயணம் போனவருக்கே இந்த ஒழுங்கு என்றால், ஆண்டுக்கணக்காக ஓரிடத்தில் வாழும் நமக்கு அது எவ்வளவு அவசியம்! அந்த வண்டியில் கடைப்பிடிக்கும் மூன்று விதிகள் நம் வீட்டுக்கும் பொருந்தும். குளிக்கும் நீரை மலக்கழிவோடு சேர்க்காதே. நிறையும் முன்னரே வெறுமையாக்கு. வெறுமையாக்கியது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்.

வண்டி வரக்கூடிய இடங்களில்

கழிவுத் தாங்கியில் கனமானவை அடியில் படியும், எண்ணெய்த்தன்மையானவை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் அடுத்திருக்கும் உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் ஊறும். அடியில் படிந்தது தாங்கியின் மூன்றில் ஒரு பங்கை அடைந்தால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை இது தேவைப்படும். நீர் மெதுவாக இறங்குவதும், குமிழி விடுவதும், குழியைச் சுற்றியுள்ள நிலம் ஈரமாக இருப்பதும் முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்.

நம்மவர்கள் ‘பவுசர்’ என்று சொல்லும் கழிவுறிஞ்சும் வண்டியை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றில் பணம் கட்டிப் பதிவுசெய்து பெறலாம். வடக்கு கிழக்கில் இருப்பவர்கள் ஒக்டோபர் மழைக்கு முன்னரே இதைச் செய்துவிடுவது நல்லது. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்பும். அந்த நேரத்தில் தாங்கியை முற்றாக வெறுமையாக்கினால், வெளியே உள்ள நீரின் அழுத்தத்தால் பிளாஸ்டிக் தாங்கி மேலே கிளம்பும், பலவீனமான குழியின் சுவர் இடிந்து விழும்.

குழிக்குள் மாதவிடாய்த் துணி, நப்கின், பிள்ளைகளின் பம்பர்ஸ், பொலித்தீன் எதையும் போடாதீர்கள். அவை உக்குவதில்லை. பவுசரின் குழாயையும் அடைத்துவிடும். இவற்றைப் போட வேறு இடம் இல்லாதபடியால்தான் பெண்கள் குழிக்குள் போடுகிறார்கள். ஆகவே பொது மலசலகூடம் அமைக்கும்போது மூடியுள்ள வாளியொன்றையும் எரிக்கும் இடமொன்றையும் சேர்த்துக் கேட்பது நமது கடமை. வாசனைக்காகப் பினாயில், குளோரின் போன்றவற்றை அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் கூடாது. கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும்.

பணம் கட்டியதும் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வண்டி வந்தால் அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். இது அநாவசியமான கேள்வி என்று எண்ண வேண்டாம். 2010 ஒக்டோபரில் ஹெயிட்டி நாட்டில், ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படை முகாமொன்றின் மலக்கழிவு அருகிலிருந்த ஆற்றில் கலந்தது. ஒரு நூற்றாண்டாகக் கொலரா இல்லாத அந்த நாட்டில் நோய் பரவி ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் 2016 டிசம்பரில் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு முகாமின் குழியை ஒழுங்காக வெறுமையாக்கியிருந்தால், அந்த நீரைக் குடித்து இறந்த தாய்மாரும் பிள்ளைகளும் பிழைத்திருப்பார்கள். நம் வாய்க்காலிலும் குளத்திலும் வயலிலும் இரவோடிரவாகக் கழிவைத் திறந்துவிடுவோரைக் கண்டால் பேசாமல் இருக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

வண்டி வரமுடியாத இடங்களில்

ஒழுங்கை ஒடுக்கமாக இருந்தாலோ, கிராமம் நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்தாலோ பவுசரை எதிர்பார்க்க முடியாது. அத்தகைய இடங்களுக்கு இரட்டைக் குழி முறை மிகவும் ஏற்றது. இந்தியாவில் பிந்தேஸ்வர் பதக் 1970இல் தொடங்கிய சுலப் அமைப்பு இம்முறையைப் பரவலாக்கியது. அருகருகே இரண்டு குழிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பாவிக்க வேண்டும். மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மணமற்ற மண்ணாக மாறிவிடும். அதற்குப் பிறகு அதை வெட்டி எடுத்து மரங்களுக்குப் போடலாம். புழு முட்டைகள் சில எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் பச்சையாக உண்ணும் கீரை, மரக்கறிகளுக்கு மட்டும் போடாதீர்கள்.

ஒரே குழிதான் உண்டு என்றால், அது வாய்வரை நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே அரை மீற்றர் இடம் இருக்கும்போதே பாவனையை நிறுத்தி, மண்ணால் நிரப்பி மூடிவிடுங்கள். அதன்மேல் ஒரு வாழையையோ தென்னையையோ நட்டுவிட்டால் குழி இருந்த இடத்துக்கும் அடையாளம் ஆயிற்று, பிள்ளைகள் அங்கே தோண்டவும் மாட்டார்கள். புதிய குழியைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால், கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் வெட்டுங்கள். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சகோதரிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நிலத்துக்கு அடியில் இருப்பது வெடிப்புகளும் குகைகளும் உள்ள சுண்ணாம்புக்கல். மணலில் மெதுவாக வடிந்து சுத்தமாகும் கழிவுநீர் அங்கே வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிகளும் அதற்குக் காரணங்கள். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. ஆகவே நீரைப் பரிசோதிப்பித்துப் பார்ப்பதே வழி.

கிணறும் குழியும் நெருங்கினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1854ஆம் ஆண்டிலேயே கண்டது. இலண்டனில் ஒரு தாய், வயிற்றோட்டம் கண்ட தன் குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டுக் குழியில் ஊற்றினாள். அந்தக் குழிக்கும் பொதுக் கிணற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் கூட இல்லை. அயலில் 600க்கும் மேற்பட்டோர் கொலராவினால் இறந்தார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, நோய் அந்தக் கிணற்று நீரால் பரவியது என்று காட்டினார். அந்தத் தாய் எந்தத் தவறும் செய்யவில்லை. நம்மில் ஒருத்தி அன்றாடம் செய்யும் வேலையைத்தான் அவளும் செய்தாள். குழியைக் கட்டியவர்கள் தூரம் பார்க்கவில்லை.

போர் நடந்த பிரதேசங்களில் குழி வெட்டுவோருக்கு மற்றொரு கவனமும் தேவை. முகமாலை போன்ற இடங்களில் 2009க்குப் பின்னரும் பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. அகற்றப்பட்டது என உறுதிசெய்யப்பட்ட நிலத்தில் மட்டும் மண்வெட்டியை வையுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

ஆளை இறக்காதீர்கள்

பவுசர் வரவில்லை, பணமும் போதவில்லை என்றால் கூலிக்கு ஒருவரைப் பிடித்துக் குழிக்குள் இறக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மூடிய குழிக்குள் ஐதரசன் சல்பைட், மீதேன் ஆகிய வாயுக்கள் தேங்கியிருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும். இறங்கியவர் இரண்டு மூன்று மூச்சில் மயங்குவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவார். மூடி திறந்திருக்கும் குழிக்கு அருகே மெழுகுவர்த்தியோ சுருட்டோ பற்றவைப்பதும் ஆபத்து.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் நகரங்களில் வாளி மலசலகூடங்களைச் சுத்தம் செய்வதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். வாளி போய்விட்டது. ஆனால் அவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கும் பார்வை நம் மத்தியில் முற்றாகப் போய்விட்டதா என்று நாம் நம்மையே கேட்க வேண்டும். இந்தியாவில் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபா வழங்க வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆயினும் இறப்புகள் நிற்கவில்லை. திவ்யபாரதி 2017இல் எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தமிழ்நாட்டில் இத்தொழில் செய்வோரின் வாழ்வைக் காட்டியது. கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் நிலை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழியினால் இன்னொருத்தி விதவையாகக் கூடாது.

எப்படிக் கேட்பது?

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில், சபைக்குப் போய் வரிசையில் நின்று மலக்குழி பற்றிக் கதைக்க வேண்டியவளும் அந்தப் பெண்தான். தனியே போகத் தயங்கினால் இருவராகப் போங்கள். இடைத்தரகர் வேண்டாம். வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. எத்தனை குடும்பங்கள் பாவிக்கின்றன, குழி எப்போது நிறைந்தது, கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எத்தனை பேர் என்ற நான்கு விபரங்கள் போதும். ஒரு பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அனுப்புங்கள். தனி ஒருத்தியின் கடிதத்தைவிட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்துக்கு விரைவில் பதில் வரும்.

கொழும்பில் இருப்பவர்கள் சிங்களம் எழுதத் தெரியாதே என்று பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் எழுத்தில் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், குழியை வெறுமையாக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட பின்னரே முற்பணம் கொடுங்கள்.

சகோதரிகளே, இழந்தவற்றில் எத்தனையோ திரும்பக் கிடைக்காதவை. ஆனால் இரவில் பயமின்றிப் போய்வர ஓர் இடம், தாகத்துக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கும் சுதந்திரம், கிருமியில்லாத கிணறு ஆகியவை கேட்டுப் பெறக்கூடியவை. இந்த வாரமே உங்கள் வீட்டுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிவைத்து அளந்து பாருங்கள். குழி கடைசியாக எப்போது வெறுமையாக்கப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அயல்வீட்டுச் சகோதரியிடமும் கதையுங்கள். குரலைத் தாழ்த்தாமலே கதையுங்கள்.